துறைத் தலைவர் மூலமாக

அரசாங்க அலுவலகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருப்பவன் எழுதுவதெல்லாம் வேறொருவர் பெயரில்தான் வெளியே போகும். இதில் அநியாயம் ஒன்றுமில்லை. வேலையே அதுதான். ஐம்பதுகளில் சிங்கப்பூர் ஆற்றங்கரைப் பக்கம் ஒரு துறையின் பணியாளர் பிரிவில் நான் கிராணியாக இருந்தேன். யாருக்கு எப்போது சம்பள உயர்வு, யாருக்கு எவ்வளவு விடுப்பு பாக்கி, ஓய்வு பெற்றவர் இறந்துவிட்டால் அவர் மனைவி எந்தத் தாள்களோடு எந்த சன்னலுக்கு வர வேண்டும் என்பதெல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். துறையின் விதிப்புத்தகத்தை நான் மனப்பாடம் செய்திருந்ததாக மற்றவர்கள் சொல்வார்கள். மனப்பாடம் செய்யவில்லை. அதில் பாதியை எழுதியவனே நான்தான். அச்சில் இருந்த பெயர்கள் வேறு.

நான் படிப்பில் மோசமில்லை. ஜப்பான்காரன் வந்தபோது நல்ல ஆங்கிலப் பள்ளிக்கூடமொன்றின் மேல்வகுப்பில் இருந்தேன். சண்டை முடிந்து பரீட்சை எழுதித் தேறுவதற்குள் துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா உடம்பு முடியாமல் வீட்டில் உட்கார்ந்துவிட்டார். மேலே படிக்க வேண்டிய வயதில் நான் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு கோப்புகளுக்குப் பக்க எண் போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு கல்யாணம், தேக்கா சந்தைக்குப் பின்னால் ஒரு கடைவீட்டு மாடியில் இரண்டு அறை, இரண்டு பிள்ளைகள். வாழ்க்கை ஒழுங்காகத்தான் போயிற்று. ஒழுங்காகப் போகிற எதுவும் மேலே போவதில்லை என்பதை நான் தாமதமாகத்தான் கவனித்தேன்.

அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விட்டுப்போகும் நாற்காலிகளுக்கு உள்ளூர் ஆட்கள் வேண்டியிருந்தது. கிராணிகளையும் அதிகாரிகளாக உயர்த்தலாம் என்று ஒரு விதி வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தாராளமான விதி. உள்ளே இரண்டு நிபந்தனைகள் இருந்தன. பட்டமோ பட்டயமோ வேண்டும். அதை முப்பத்தைந்து வயது நிறைவதற்குள் பெற்றிருக்க வேண்டும். எனக்கு முப்பத்திரண்டு முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன.

நகரத்தில் ஒரு கல்லூரி வேலை பார்ப்பவர்களுக்காக மாலை நேரத்தில் நிர்வாகப் பட்டய வகுப்பு நடத்தியது. மூன்று வருடப் படிப்பு. சேர்ந்து முடிக்கும்போது எனக்கு முப்பத்தைந்து தாண்டியிருக்கும். ஆனால் அவர்களுடைய விவரப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு பிரிவு இருந்தது. முப்பது வயதைக் கடந்தவர்கள், தங்கள் பணி அனுபவம் முதலாம் ஆண்டுப் பாடங்களுக்கு ஈடானது என்று காட்ட முடிந்தால், நேர்முகக் குழுவின் சம்மதத்தோடு நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். அப்படிச் சேர்ந்தால் முப்பத்தைந்துக்குச் சில மாதங்கள் முன்னால் முடித்துவிடலாம். என் மேசைக்கு வரும் விதிகளில் எல்லாம் ஓட்டை தேடிப் பழகிய கண் எனக்கு. எனக்காக ஒரு விதி கதவைத் திறந்து வைத்திருப்பதைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

என் மனைவியிடம் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"வேலை பாத்ததுக்கா மார்க் போடுறாங்க?"

"மார்க் இல்ல. ஒரு வருஷம் படிச்சதா எடுத்துக்குவாங்க."

"அப்ப எனக்கும் கேட்டுப் பாருங்க. உங்க அம்மாவ, உங்க அப்பாவ, உங்கள, மூணு பேரச் சமாளிச்சிருக்கேன். எனக்கு நேரா டாக்டர் பட்டமே குடுக்கலாம்."

"யாரு சர்டிபிகேட் குடுப்பா?"

"உங்க அம்மாதான் குடுக்கணும். அதான் கெடைக்காதே."

சிரித்தோம். ஆனால் அன்று ராத்திரியே பிள்ளைகளுடைய துணிமணிகளை இரும்புப் பெட்டியில் அடுக்கிவிட்டு, அவர்கள் புத்தகம் வைத்திருந்த சின்ன மேசையை எனக்காகத் துடைத்து சன்னலோரம் போட்டாள். அதிகாரியாகிவிட்டால் அரசாங்கக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்பது அவளுக்கும் தெரியும். அந்த மாடிக்குக் குழாய் கீழ்க்கட்டில்தான் இருந்தது. எட்டுக் குடித்தனத்துக்கு ஒரே குழாய்.

என் பள்ளித் தோழன் ஒருவன் ஒரு சீன இரும்புச் சாமான் கம்பெனியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான். சிராங்கூன் ரோட்டுக் காப்பிக்கடையில் சனிக்கிழமை மத்தியானங்களில் சந்திப்போம். அவனும் அதே வகுப்புக்கு விண்ணப்பம் போடுவதாகச் சொன்னான். அவனுக்கு அதில் பெரிய ஆசையெல்லாம் இல்லை. தங்கச்சி புருஷன் பட்டதாரி என்பதுதான் காரணம்.

"பாரத்த நேரா கொண்டு போயி அந்த ஆபீஸ்ல குடுத்துட்டு வந்துடுலா," என்றான். சீனர்களோடு பழகிய அந்த 'லா' அவன் பேச்சில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"நான் கவர்மெண்ட்டு ஆளு. துறைத் தலைவர் மூலமாத்தான் அனுப்பணும்."

"அவங்க கேட்டாங்களா?"

"அவங்க கேக்கல. எங்க விதி."

"உங்க விதி உங்க ஆபீஸுக்குள்ளலா. இது காலேஜு. தெரிஞ்ச யார்கிட்டயாவது ஒரு லெட்டர் வாங்கிச் சொருகு. அந்தப் பழைய தொரை உன்னைய தலைல வச்சிக்கிட்டு ஆடுனாருல்ல, இங்கிலாந்துக்கு ஒரு ஏர் மெயில் போடு. ஒரு மாசத்துல பதில் வந்துரும்."

"முன்னாள் அதிகாரிங்ககிட்ட தனியா நற்சான்று கேக்கக்கூடாது."

அவன் காப்பியைச் சாசரில் ஊற்றி ஊதினான். "நீ பாஸ் ஆயிடுவே," என்றான். "இவ்வளவு தெரிஞ்சவன ஃபெயிலாக்க முடியாது."

துறை மூலமாகவே அனுப்புவது என்ற அந்தத் தவறை வெளியாள் யாரும் செய்திருக்க மாட்டார்கள். கல்லூரி கேட்டது தகுந்த சான்று, அவ்வளவுதான். யாரிடமிருந்து என்று சொல்லவில்லை. ஆனால் நேரே வந்த விண்ணப்பங்களை, 'துறைத் தலைவர் மூலமாக அனுப்புக' என்று எழுதித் திருப்பி அனுப்புவதே என் அன்றாட வேலை. பியூன்கள், ஓட்டுநர்கள், தட்டச்சு செய்யும் பெண்கள் என்று எத்தனையோ பேருடைய தாள்களை அப்படித் திருப்பியிருக்கிறேன். என் தாளை மட்டும் பைக்குள் வைத்துக்கொண்டு குறுக்கு வழியில் போக எனக்குக் கால் வரவில்லை. இதை நேர்மை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். வேறு மாதிரி நடக்கத் தெரியவில்லை.

விண்ணப்பத்தோடு என் பணி அனுபவத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். ஓய்வூதியக் கையேட்டை நான் எழுதியது, வேலை நிறுத்தத்துக்குப் பிறகு நடந்த விசாரணையின் அறிக்கையைத் தயாரித்தது, விடுப்பு விதிகளைத் திருத்தியது, எல்லாம் இருந்தன. முதலில் அது பெரிய கிராணியிடம் போக வேண்டும். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் எல்லோருக்கும் மேலே முப்பது வருடமாக உட்கார்ந்திருந்தவர். காலையில் திருநீறு, மத்தியானம் வெற்றிலை, சாயங்காலம் யாருடைய குடையையாவது இரவல் கேட்பது. நல்ல மனிதர். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி இரண்டு பக்கத்தையும் படித்தார்.

"படிக்கப் போறீரோ? நல்ல விசயம். இரும்." நான் உட்கார்ந்தேன். "இந்த ஓய்வூதியக் கையேடு நீர் எழுதினதெண்டு போட்டிருக்கிறீர். அதில ஆற்றை கையெழுத்துக் கிடக்குது?"

"பழைய துரையோட கையெழுத்து ஐயா."

"அப்ப அது அவர் எழுதினது."

"அவரு அப்ப லீவுல இருந்தாரு. ஊருக்குக் கப்பல்ல போய்ட்டிருந்தாரு."

"கப்பலில இருந்தும் எழுதலாம்தானே." அவர் சிரிக்கவில்லை. "விசாரணை அறிக்கை?"

"அதுவும் அவரு கையெழுத்து."

"தம்பி, நான் உம்மைக் குறை சொல்லேல்லை. ஆர் எழுதினதெண்டு எனக்குத் தெரியாதே? நானும் இவ்வளவு காலமா ஆற்றையோ பேருக்கு எழுதிக்கொண்டுதான் இருக்கிறன். ஆனா இதைப் பேப்பரில வைக்கேலாது. நீர் எழுதினதெண்டு நான் மேல அனுப்பினா, துரைமார் எழுதேல்லை எண்டு நான் சொன்ன மாதிரி. 'எழுதினேன்' எண்டதை வெட்டும். 'உதவினேன்' எண்டு போடும்."

வெட்டினேன். ஓய்வூதியக் கையேட்டைத் தயாரிப்பதில் உதவினேன். அறிக்கையில் உதவினேன். விடுப்பு விதிகளில் உதவினேன். தட்டச்சு செய்து பார்த்தபோது, அதில் வரும் ஆள் எல்லோருக்கும் பென்சில் சீவிக் கொடுத்தவனைப் போல இருந்தான்.

அடுத்தது துறைத் தலைவரின் சார்பில் கையெழுத்திடும் அதிகாரி. வெள்ளைக்காரத் துரையின் இடத்துக்கு வந்த சீன இளைஞர், பல்கலைக்கழகம் முடித்து நேரே வந்தவர். என்னை விடப் பத்து வயது இளையவர். எப்போதும் 'மிஸ்டர்' போட்டுத்தான் அழைப்பார். இரண்டு நாள் கழித்து என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். ஆங்கிலத்தில்தான் பேசினோம்.

"உங்கள் வேலை உங்கள் பதவித் தரத்துக்கு மேற்பட்டது என்று நான் சான்று தர வேண்டும், இல்லையா?" என்றார். "எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அப்படி எழுதினால், பிறகு ஏன் அவரை அந்தத் தரத்திலேயே வைத்திருக்கிறாய் என்று மேலிடம் என்னைக் கேட்கும். பதவியை மறுபடி மதிப்பிடச் சொல்லும். உங்களுக்கு என்றால் மற்றவர்களுக்கும். நான் இங்கே வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை."

அவர் சொன்னது முழுக்கச் சரி. அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். இன்னும் கொஞ்சம் நன்றாகச் சொல்லியிருப்பேன்.

"கல்லூரிக்கு என்ன எழுதுவது, சார்?"

"விதிக்கு உட்பட்டு, உங்களுக்குப் பாதகமில்லாமல்." அவர் மேசையிலிருந்த பேனாவை நேராக்கி வைத்தார். "நீங்களே ஒரு வரைவு போட்டுவிடுங்களேன். இந்த மாதிரிக் கடிதம் இங்கே உங்களுக்குத்தான் நன்றாக வரும்."

அலுவலக வழக்கப்படி இதில் விசேஷம் ஒன்றுமில்லை. பணியாளர் பற்றிய கடிதமென்றால் பணியாளர் பிரிவு வரைவு போடும். பணியாளர் பிரிவு என்றால் நான். என்னுடைய சம்பள உயர்வுக் கடிதங்களையும் நான்தான் எழுதி வந்தேன். இந்த ஒன்றுக்கு மட்டும் வேறு ஆள் பிடிக்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை.

முதலில் உண்மையை எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர் கையெழுத்துப் போட மாட்டார். கையெழுத்து விழாத வரைவு வெறும் தாள். கிழித்துவிட்டு இரண்டாவதை எழுதினேன். வாழ்க்கையில் நான் எழுதிய மிகச் சிறந்த கடிதம் அது என்று இப்போதும் நினைக்கிறேன். இவருடைய பணிகள் இத்தரத்துக்கு வகுக்கப்பட்ட வழக்கமான பணிகளே என்று அதில் இருந்தது. அதை வைத்துக்கொண்டே, அதற்கு முன்னும் பின்னும் வரும் வாக்கியங்களில், ஒரு மனிதனைப் பற்றி விதியை மீறாமல் எவ்வளவு நல்லதாகச் சொல்ல முடியுமோ அவ்வளவையும் சொல்லியிருந்தேன். ஒரு சொல்லைத் தொட்டால் முழுக் கடிதமும் சரியும்படி கட்டியிருந்தேன். அதிகாரி படித்தார். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றாமல் கையெழுத்திட்டார். "நன்றி," என்றார். அவருக்கு நான் செய்த உதவி அது என்று அவருக்கு நிஜமாகவே தோன்றியிருக்க வேண்டும்.

நேர்முகத்துக்கு என் மனைவி வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டுக் கொடுத்தாள். பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன், சட்டை கசங்கக் கூடாதென்று. கல்லூரியில் நீளமான மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் நரைத்த தலை ஆங்கிலேயர், அவர்தான் அந்த வகுப்புகளுக்குத் தலைவர். ஒரு பக்கம் விரிவுரையாளர் பெண்மணி. இன்னொரு பக்கம் கடைசிவரை பேசாமலே குறிப்பெடுத்தவர் ஒருவர்.

பெண்மணி என் இரண்டு பக்கத்தைப் புரட்டினார். "நிறைய விஷயங்களில் உதவியிருக்கிறீர்கள்," என்றார். கேலியாகச் சொல்லவில்லை. "நீங்களே முழுதாக எழுதியது ஏதாவது உண்டா?"

"துறையில் எல்லாம் துறையின் பெயரில்தான் போகும், மேடம்."

"ஒரு வரைவையாவது கொண்டு வந்து காட்ட முடியுமா?"

"கோப்புகள் ரகசியமானவை. வெளியே கொண்டு வர அனுமதியில்லை."

அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் என் துறையின் கடிதத்தைக் கையில் எடுத்தார். அதை அவர் ஏற்கெனவே படித்திருந்தார் என்பது தெரிந்தது. மறுபடியும், ருசி பார்ப்பதுபோலப் படித்தார்.

"முதலாம் ஆண்டில் நாங்கள் என்ன சொல்லிக்கொடுக்கிறோம் தெரியுமா?" என்றார். "முக்கியமாக, எழுதுவது. சிக்கலான ஒரு விஷயத்தை, யாரையும் புண்படுத்தாமல், எந்த விதியையும் மீறாமல், ஒரு பக்கத்தில் எழுதுவது. உங்கள் மேலதிகாரியின் இந்தக் கடிதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு சொல்கூட மிகை இல்லை. இதை நான் என் மாணவர்களுக்குப் பாடமாகவே வைக்கலாம். இப்படி எழுத வருகிறவருக்கு முதலாம் ஆண்டு தேவையே இல்லை." தாளைக் கீழே வைத்தார். "உங்களால் இப்படி எழுத முடியுமா?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நான் எழுதிய கடிதத்தின் மூலை அந்தக் காற்றில் எழுந்து எழுந்து படிந்தது.

நான்தான் எழுதினேன் என்று சொன்னால் என்ன ஆகும் என்பதை யோசிக்க எனக்கு நேரமே தேவைப்படவில்லை. அது என் தொழில். விண்ணப்பதாரர் தனக்குத் தானே சான்று எழுதிக்கொண்டு வந்திருக்கிறார் என்று ஆகும். அந்தச் சான்று செல்லாது. கல்லூரி துறைக்கு எழுதிக் கேட்கும். என் இளம் அதிகாரி, தன் கீழே உள்ளவர் எழுதியதில் கையெழுத்து மட்டும் போட்டேன் என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது மறுக்க வேண்டும். ஒப்புக்கொண்டால் அவர் போனார், மறுத்தால் நான் போனேன். அதோடு, துறையைக் கல்லூரி என்ன கேட்டாலும், பதிலுக்கு முதல் வரைவு போடும் வேலை என் மேசைக்குத்தான் வரும்.

"முயற்சி செய்யலாம், சார்," என்றேன்.

மூவரும் இதமாகச் சிரித்தார்கள். பணிவானவன் என்று நினைத்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். என் மனைவி சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"அந்த லெட்டர் நான் எழுதுனதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா, சர்டிபிகேட்ட தானே எழுதிக்கிட்டு வந்துட்டான்னு சொல்வாங்க."

"எழுதிக்கிட்டுத்தானே போனீங்க."

"எழுதச் சொன்னாரு, எழுதுனேன்."

"நல்லா இல்லாம எழுதியிருக்கலாம்ல," என்றாள். சிரிப்பதற்காகத்தான் சொல்லியிருப்பாள். பாதியில் அவளுடைய முகம் மாறிவிட்டது. தட்டை எடுத்துக்கொண்டு கீழ்க்கட்டுக் குழாய்க்குப் போனாள். வரிசையில் நின்று கழுவிவிட்டு வர வெகு நேரம் ஆயிற்று.

பதில், முறைப்படி, துறைத் தலைவர் மூலமாகவே வந்தது. பெரிய கிராணி என்னைக் கூப்பிட்டு அவரே கையில் கொடுத்தார்.

"முதலாம் வருசத்தில இடம் தருகினமாம். மோசமில்லைத்தானே."

"மூணு வருஷம் ஆகும் ஐயா. முப்பத்தஞ்சு தாண்டிரும்."

அவர் விரலை மடக்கிப் பார்த்தார். "ஓம்," என்றார். பிறகு, "வயசு விதியைத் தளர்த்தச் சொல்லிக் கேக்கலாம். அதுக்கொரு பிரிவு இருக்குதல்லோ?"

"இருக்கு. வேலை தரத்துக்கு மேலானதுன்னு துறை எழுதிக் குடுத்தா தளர்த்தலாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பைத் தேடினார். அலுவலகத்தில் கால்சட்டைதான் போட்டிருந்தார். சட்டை நுனியில் துடைத்துக்கொண்டு மறுபடி மாட்டினார். அதற்குப் பிறகு இந்த விஷயத்தை அவர் என்னிடம் பேசவே இல்லை. இரண்டு நாள் கழித்து என் குடையை இரவல் கேட்டார்.

என் தோழனுக்கு இரண்டாம் ஆண்டிலேயே இடம் கிடைத்துவிட்டது. காப்பிக்கடையில் அதைச் சொல்வதற்கே அவன் சங்கடப்பட்டான். அவனுடைய தவுக்கேவுக்கு, அதாவது அந்தச் சீன முதலாளிக்கு, ஆங்கிலம் அரைகுறை. தவுக்கே சொல்லச் சொல்ல மகள் எழுதியிருக்கிறாள். இந்த ஆள் இல்லாவிட்டால் நான் கடையை மூட வேண்டியதுதான் என்று ஒரே வாக்கியம். கீழே கம்பெனி முத்திரை, கொஞ்சம் சாய்ந்து.

"அத வச்சிக்கிட்டே குடுத்துட்டாங்களா?"

"குடுத்துட்டாங்கலா. அந்தக் கெழவன் சிரிச்சாரு. லெட்டரு மோசம், ஆனா நம்புற மாதிரி இருக்குன்னாரு." அவன் காப்பிக்கு இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டான். "எனக்கு இது அவ்வளவு முக்கியமே இல்ல. ஒனக்குக் கெடச்சிருக்கணும்."

"பரவால்ல."

"என்ன பரவால்ல. நீ எப்பவும் பரவால்லம்பே."

சனிக்கிழமைகளில் அவனைப் பார்ப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அவனுக்கு வகுப்பு இருந்தது.

கல்லூரி பதில் கேட்டிருந்தது, இடத்தை ஏற்றுக்கொள்கிறேனா என்று. மூன்று வருடம் படித்துப் பட்டயம் வாங்கலாம்தான். அறிவுக்காகப் படிக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களில் எவரும் ஒரு குழாய்க்கு எட்டுக் குடித்தனம் உள்ள வீட்டில் இருந்தவர்கள் அல்ல. ஒரு வாரம் சன்னலோர மேசையில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். ஏழாம் நாள் என் மனைவி பிள்ளைகளுடைய புத்தகங்களைக் கொண்டு வந்து அந்த மேசையில் அடுக்கினாள். நான் தாளை மடியில் வைத்து எழுதினேன். வகுப்பில் சேர இயலவில்லை, வாய்ப்புக்கு நன்றி. இரண்டே வரி. கீழே என் பெயரைப் போட்டேன். இதைத் துறைத் தலைவர் மூலமாக அனுப்ப வேண்டுமென்று எந்த விதியும் சொல்லவில்லை. விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போய் அதைத் தபால் பெட்டியில் போட்டேன். திரும்பும் வழியில் மீன் வாங்கி வரச் சொல்லியிருந்தாள் மனைவி. சந்தையில் தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். மீன்காரர்கள் எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் ஈரத் தரையில் நின்றுவிட்டு, கையை வீசிக்கொண்டு திரும்பினேன். என் வெறுங்கையைப் பார்த்துவிட்டு அவள் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்தாள். அப்பளம் பொரித்துச் சாப்பிட்டோம்.